கோர்ட் இழப்பீடு கொடுக்கச் சொன்னால் அந்தப் பணம் யாருடையது, எப்போது கைக்கு வரும்?

2025 மே 13 அன்று பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பின்னாலேயே, ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 25 லட்சம் ரூபாய் தரப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரே கேள்விகள்தான் சுற்றி வருகின்றன. உள்ளே போனவன் எங்கிருந்து பணம் கட்டுவான்? அபராதம் என்று தனியாகப் போட்டிருக்கிறார்களே, அது யாருக்கு? அப்பீல் போய்விட்டால் பணம் நின்றுவிடுமா? குற்றவாளி விடுதலை ஆகிவிட்டால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களா?

இத்தனை குழப்பத்துக்கும் காரணம், ‘இழப்பீடு’ என்ற ஒரே பெயரில் மூன்று தனித்தனிப் பைகளிலிருந்து பணம் வருவதுதான். குற்றவாளியின் பை ஒன்று, அரசு இதற்கென்றே ஒதுக்கிய நிதி இன்னொன்று, அரசே தவறு செய்ததற்காக அதன் கஜானாவிலிருந்து எடுத்துத் தருவது மூன்றாவது. எந்தப் பை என்று தெரிந்துவிட்டால் பணம் வருமா, எப்போது வரும், யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். செய்திகளில் தொகை மட்டும் கொட்டை எழுத்தில் வருகிறது, பை எது என்று யாரும் எழுதுவதில்லை.

முதலில்: அபராதம் வேறு, இழப்பீடு வேறு

அபராதம் என்பது தண்டனையின் ஒரு பகுதி. குற்றவாளி அரசுக்குக் கட்டுவது. பொதுவாக, நீதிபதி தனியாக ஒரு வரி எழுதாதவரை அதில் ஒரு ரூபாய்கூடப் பாதிக்கப்பட்டவருக்குப் போகாது.

இழப்பீடு என்பது பாதிக்கப்பட்டவருக்கு, அவர் இறந்துவிட்டால் அவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு, ஏற்பட்ட சேதத்துக்காகத் தருவது. மருத்துவச் செலவு, போன சம்பளம், உடல் ஊனம், மன வேதனை எல்லாம் இதில் வரும்.

பிரிவு எண்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., வந்துவிட்டது. இழப்பீடு பற்றிப் பேசும் பழைய பிரிவு 357 இப்போது 395. பழைய 357ஏ இப்போது 396. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே தொடர்கின்றன. அதனால் இன்னும் பல வருடங்களுக்குத் தீர்ப்புகளில் இரண்டு வரிசை எண்களும் மாறி மாறி வரும். குழம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் விஷயம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் பை: குற்றவாளியின் பணம்

பிரிவு 395 (பழைய 357) இரண்டு விதமாக வேலை செய்கிறது.

1. தண்டனையோடு அபராதமும் விதித்திருந்தால், அந்த அபராதத்தில் முழுவதையோ ஒரு பகுதியையோ பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லலாம். அப்பீல் செய்வதற்கான காலம் முடியும்வரை, அப்பீல் போட்டிருந்தால் அதில் தீர்ப்பு வரும்வரை, இந்தப் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

2. தண்டனையில் அபராதம் இல்லையென்றால், இவ்வளவு தொகையை இழப்பீடாகக் கட்டு என்று நேரடியாகக் குற்றவாளிக்கு உத்தரவிடலாம்.

இரண்டுக்கும் நடுவே விசித்திரமான ஒரு வேறுபாடு இருக்கிறது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடிய அபராதத்துக்கு உச்சவரம்பு உண்டு. முன்பு 10,000 ரூபாயாக இருந்தது, புதிய சட்டத்தில் 50,000. ஆனால் இரண்டாவது வகை இழப்பீட்டுக்கு உச்சவரம்பே இல்லை என்று 1999-ல் கே.பாஸ்கரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதாவது அபராதம் போட்டால் கை கட்டப்பட்டுவிடும், போடாமல் விட்டால் எத்தனை லட்சம் வேண்டுமானாலும் இழப்பீடு எழுதலாம். செக் மோசடி வழக்குகளில் மாஜிஸ்திரேட்டுகள் இந்த வழியைத்தான் அதிகம் பிடித்தார்கள்.

இது நடைமுறையில் எப்படிப் போகும் என்று பார்க்க ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். தகராறில் ஒருவருக்குக் கத்திக்குத்து. ஆஸ்பத்திரிச் செலவு 1,80,000 ரூபாய், நான்கு மாதம் வேலைக்குப் போகமுடியவில்லை. வழக்கு நடந்து முடிகிறது. தீர்ப்பின் கடைசிப் பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும் (கோர்ட் மொழியில் ‘எதிரி’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்): “எதிரிக்கு ஐந்து ஆண்டு கடுங்காவல், 10,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் ஆறு மாதம் சிறை. அபராதம் வசூலானால் அதில் 8,000 ரூபாயைக் காயம்பட்ட சாட்சிக்கு இழப்பீடாக வழங்க வேண்டும்.”

இந்த ஒரு பத்தியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘வசூலானால்’ என்று ஒரு சொல் இருக்கிறது. எதிரி அப்பீல் போகிறார், தண்டனை நிறுத்திவைக்கப்படுகிறது, அவர் ஜாமீனில் வெளியே வருகிறார், அப்பீல் விசாரணைக்கு வரச் சில வருடங்கள் ஆகின்றன. அதுவரை 8,000 ரூபாயும் கிடையாது. இருக்கிற செலவு 1,80,000, கிடைக்கப்போவது 8,000, அதுவும் எப்போது என்று தெரியாது.

நீதிபதிகளுக்கு மனசில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1988-லேயே ஹரி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் சொன்னது. கூடவே, தொகை நியாயமானதாக இருக்கவேண்டும், குற்றவாளியால் கட்ட முடியுமா என்பதையும் பார்க்கவேண்டும் என்றது. 2013-ல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் இன்னும் கறாராக, ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு பற்றி நீதிபதி யோசித்தே ஆகவேண்டும், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் காரணம் எழுதவேண்டும் என்றது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அப்பீல் பற்றிச் சொல்லும்போது உதவும். ஆனால் தினக்கூலி வேலை பார்க்கும் ஒருவருக்கு ஐந்து லட்சம் கட்டு என்று உத்தரவு போட்டால் அது காகிதத்தில்தான் இருக்கும். முதல் பையின் அடிப்படைப் பலவீனமே இதுதான்: சேதம் எவ்வளவு பெரியது என்பதைவிட, செய்தவன் எவ்வளவு வசதியானவன் என்பதே தொகையைத் தீர்மானித்துவிடுகிறது.

‘ஆறு மாதம் கூடுதலாக உள்ளே இருந்துவிடுகிறேன், பணம் கட்டமாட்டேன்’ என்று குற்றவாளி சொன்னால்? சொல்லலாம், ஆனால் தப்பிக்க முடியாது. பணம் கட்டாததற்கான சிறையை அனுபவித்து முடித்தாலும் இழப்பீட்டுக் கடன் தீராது, சொத்தை ஜப்தி செய்தோ, கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூல் செய்தோ அதை எடுக்கலாம் என்று 2017-ல் குமரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொத்து இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது பை: அரசின் இழப்பீட்டு நிதி

குற்றவாளியை நம்பிப் பயனில்லை என்பதை உலகம் முழுக்க 1960-களிலேயே உணர்ந்துவிட்டார்கள். நியூசிலாந்து 1963-ல் அரசுப் பணத்திலிருந்தே இழப்பீடு தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது, பிரிட்டன் 1964-ல். மக்களைக் காப்பது அரசின் பொறுப்பு, அதில் தவறியபிறகு காயம்பட்டவரை நடுத்தெருவில் விடக்கூடாது என்பதுதான் வாதம். இந்தியாவில் இது சட்டமாக வர 2009 டிசம்பர் 31 வரை ஆனது. அன்று நடைமுறைக்கு வந்ததுதான் 357ஏ, இன்றைய 396. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு திட்டம் போடவேண்டும், அதற்கு நிதி ஒதுக்கவேண்டும் என்று அது சொன்னது. தமிழ்நாட்டின் திட்டம் 2013-ல் வந்தது. மாநிலங்களுக்கு உதவ ஒன்றிய அரசும் பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து ஒருமுறை மானியமாக 200 கோடி ரூபாய் கொடுத்தது.

கட்டுரையின் மற்றப் பகுதிகளை மேலோட்டமாகப் படித்தாலும் பரவாயில்லை, சட்டத்தின் இந்த 396-வது பிரிவு என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். இழப்பீட்டையும் தண்டனையையும் அது பிரித்துவிட்டது. விளைவுகள் பெரியவை:

1. குற்றம் நிரூபணம் ஆகி, தீர்ப்பில் கிடைத்த இழப்பீடு போதாது என்று நீதிமன்றம் நினைத்தால், அரசின் நிதியிலிருந்து கொடுக்கப் பரிந்துரைக்கலாம். மேலே பார்த்த கத்திக்குத்து வழக்கில் 8,000 ரூபாயோடு நிறுத்தாமல் நீதிபதி செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

2. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆகிவிட்டாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று தோன்றினால் பரிந்துரைக்கலாம். ஆமாம், விடுதலை ஆனாலும்தான். ‘இவர்தான் செய்தார்’ என்பது நிரூபணம் ஆகவில்லை என்பதால் கை போனவருக்குக் கை திரும்ப முளைத்துவிடாது இல்லையா.

3. குற்றவாளி யாரென்றே தெரியவில்லை, விசாரணையே நடக்கவில்லை என்றால், பாதிக்கப்பட்டவரோ அவரது குடும்பத்தாரோ நேரடியாகவே விண்ணப்பிக்கலாம்.

4. அவசர உதவி. காவல் நிலைய ஆய்வாளரோ மாஜிஸ்திரேட்டோ சான்று கொடுத்தால், உடனடி முதலுதவி, இலவச மருத்துவம், இடைக்கால நிவாரணம் ஆகியவற்றுக்கு உத்தரவிடலாம்.

இதையெல்லாம் முடிவு செய்வது நீதிபதி அல்ல. நீதிமன்றம் பரிந்துரைக்கும், எவ்வளவு தொகை என்று விசாரித்து முடிவெடுப்பது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்கவேண்டும் என்பது சட்டம். இந்த ஆணைக்குழு எங்கோ தலைநகரில் இருப்பதில்லை, மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே அதற்கு அலுவலகம் இருக்கும்.

இடைக்கால நிவாரணம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பணம் உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான். ஆஸ்பத்திரி பில் வருவது குற்றம் நடந்த வாரம், தீர்ப்பு வருவதோ ஐந்தாறு வருடம் கழித்து. 2014-ல் சுரேஷ் என்பவர் ஹரியானா அரசுக்கு எதிராக நடத்திய வழக்கில், இடைக்கால இழப்பீடு தேவையா என்று கீழ் நீதிமன்றங்கள் தாங்களாகவே பார்க்கவேண்டும், பாதிக்கப்பட்டவர் மனு போடட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் 2024 நவம்பரிலும், காயம் ஏற்படுத்திய வழக்குகளில், குறிப்பாகப் பெண்கள், சிறார் மீதான பாலியல் குற்றங்களில், இழப்பீடு பற்றித் தீர்ப்பிலேயே உத்தரவு போடுங்கள் என்று அமர்வு நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தவேண்டி வந்தது. பத்து வருடம் கழித்து அதையே மறுபடி சொல்லவேண்டி வந்ததிலிருந்தே, இது இன்னும் எல்லா நீதிமன்றங்களிலும் பழக்கமாகவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

எவ்வளவு கிடைக்கும்?

பொதுவான திட்டங்களில் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் பெண்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன்படி தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018-ல் தயாரித்த திட்டம் அது. முக்கியமான தொகைகள்:

• உயிரிழப்பு: 5 முதல் 10 லட்சம்
• கூட்டுப் பாலியல் வன்புணர்வு: 5 முதல் 10 லட்சம்
• பாலியல் வன்புணர்வு: 4 முதல் 7 லட்சம்
• ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தால்: 7 முதல் 8 லட்சம்

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் இந்தத் தொகை 50 சதவீதம் கூடும்.

பணம் மொத்தமாகக் கைக்கு வராது. சாதாரணமாக 25 சதவீதம் உடனடிச் செலவுக்கு, மீதி 75 சதவீதம் குறைந்தது மூன்று வருடத்துக்கு வங்கியில் எஃப்.டி.யாகப் போகும். சிறார் என்றால் 80 சதவீதம் டெபாசிட், பதினெட்டு வயது ஆனபிறகே எடுக்கலாம். வட்டியை எடுத்துக்கொள்ளலாம். பணத்தைச் சுற்றி இருப்பவர்கள் பறித்துக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. நோக்கம் சரிதான், ஆனால் கடன் வாங்கி வைத்தியம் பார்த்த குடும்பத்துக்கு முதல் வருடம் கால்வாசிதான் கையில் என்பதும் நிஜம். படிப்பு, மருத்துவம் மாதிரித் தேவைகளுக்கு முன்கூட்டியே எடுக்க ஆணைக்குழுவிடம் அனுமதி கேட்கலாம்.

ஆசிட் வீச்சுக்குத் தனிக் கணக்கு. லக்ஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் வைத்த வரம்பு குறைந்தபட்சம் 3 லட்சம் ரூபாய். சம்பவம் தெரியவந்த 15 நாளுக்குள் 1 லட்சம், மீதி 2 லட்சம் அடுத்த இரண்டு மாதத்துக்குள். இதோடு, ஆசிட் வீச்சு, பாலியல் வன்முறை இரண்டிலும் அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ காசு கேட்காமல் உடனே சிகிச்சை தரவேண்டும் (பிரிவு 397). மறுத்தால் பொறுப்பாளருக்கு ஒரு வருடம்வரை சிறை. ‘முதலில் அட்வான்ஸ் கட்டுங்கள், போலீஸ் வரட்டும்’ என்று ரிசப்ஷனில் சொல்வதே குற்றம் என்று பலருக்கு, ரிசப்ஷனில் இருப்பவருக்கும் சேர்த்து, தெரியாது.

விண்ணப்பிக்க என்ன வேண்டும்?

2018 திட்டத்தின்படி பாதிக்கப்பட்ட பெண்ணோ, குடும்பத்தாரோ, காவல் ஆய்வாளரோகூட விண்ணப்பிக்கலாம். தீர்ப்பு வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

1. எஃப்.ஐ.ஆர். நகல். புகார் கொடுத்தவருக்கு இதை இலவசமாகத் தரவேண்டும்.
2. மருத்துவ ஆவணங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ‘ஏ.ஆர். காப்பி’. டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள்.
3. உயிரிழப்பு என்றால் இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ். இதில் வாரிசுச் சான்றிதழுக்குத்தான் நேரம் பிடிக்கும், அதை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.
4. வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டை.
5. தீர்ப்போ நீதிமன்றப் பரிந்துரையோ இருந்தால் அதன் நகல்.

பொதுவாகச் சம்பவத்திலிருந்தோ வழக்கு விசாரணை முடிந்ததிலிருந்தோ மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும், தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் அதே ஆணைக்குழு இலவசமாக ஒருவரைத் தரும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இந்த உதவி உண்டு. சட்ட உதவிக்கான எண் 15100.

மூன்றாவது பை: அரசே குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது

மேலே சொன்ன இரண்டிலும் குற்றம் செய்தவர் ஒரு தனிமனிதர். போலீஸ்காரரோ அதிகாரியோ தன் அதிகாரத்தை வைத்தே ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறித்தால்? அங்கே உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அரசியலமைப்பின் 226, 32 ஆகிய பிரிவுகளின் கீழ் நேரடியாக அரசைக் கட்டச் சொல்லலாம்.

இதற்கு அடித்தளம் 1983-ல் ருதுல் ஷா வழக்கு. பீகாரில் விடுதலை ஆனபிறகும் 14 வருடம் ஒருவரைச் சிறையிலேயே வைத்திருந்தார்கள். அரசு அவருக்கு 30,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து வருடம் கழித்து நீலாவதி பெஹெரா வழக்கில், காவல் மரணத்தில் மகனை இழந்த ஒடிசாத் தாய்க்கு 1.5 லட்சம் ரூபாய். அரசு தன் இறையாண்மையைக் காட்டி இதிலிருந்து தப்ப முடியாது என்ற விதி அந்த வழக்கில்தான் நன்றாக ஊன்றப்பட்டது.

தமிழ்நாட்டில் அண்மை உதாரணம், அண்ணா பல்கலைக்கழக மாணவி மீதான பாலியல் வன்கொடுமை வழக்கு. குற்றம் செய்தவர் ஒரு தனிநபர்தான். ஆனால் மாணவியின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. 2024 டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர மாநில அரசுக்கு உத்தரவிட்டது. வழக்கு விசாரணையே தொடங்காத நேரம் அது. அந்தத் தொகையைப் பாலியல் குற்றத்துக்கான இழப்பீடாக எடுத்துக்கொண்டால் ‘தீர்ப்புக்கு முன்னால் எப்படி?’ என்று குழப்பம் வரும். கசிவில் அரசின் பொறுப்பு என்று பார்த்தால் குழப்பம் போய்விடும்.

வாச்சாத்தி வழக்கில் பைகள் ஒன்றோடொன்று சேர்வதைப் பார்க்கலாம். 1992 ஜூனில் தருமபுரி மாவட்டத்து மலைக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நடத்திய வன்கொடுமை. தருமபுரி நீதிமன்றம் 2011-ல், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களின் மேல்முறையீடுகளை 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் அரசு கொடுக்கவேண்டும், அதில் பாதியை அந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. முதலில் அரசு கொடுத்துவிட வேண்டும், வசூல் அரசின் பாடு. இழப்பீட்டு உத்தரவுகளில் என் கணக்கில் உருப்படியான அமைப்பு இதுதான், ஏனென்றால் குற்றவாளியைத் துரத்தும் வேலையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் கட்டவில்லை. ஆனாலும் சம்பவத்துக்கும் இந்த உத்தரவுக்கும் நடுவே 31 வருடம்.

தனிச் சட்டங்களில் உள்ள தனி வழிகள்

சில குற்றங்களுக்குப் பொதுவான வழியைவிட வேகமான வழி இருக்கிறது.

• போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்): சிறப்பு நீதிமன்றம் எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு தரச் சொல்லலாம், தானாகவே முன்வந்தும் சொல்லலாம். 2020 விதிகளின்படி உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மாநில அரசு பணத்தைக் கொடுக்கவேண்டும். எதிரி விடுதலை ஆனாலும், தலைமறைவானாலும், யாரென்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு.

• வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளுக்கானது): இங்கே ‘தீருதவி’ என்பார்கள். இதற்குக் கோர்ட் உத்தரவே தேவையில்லை, மாவட்ட நிர்வாகம்தான் கொடுக்கவேண்டும். 2016-ல் திருத்திய விதிகளில் குற்றத்தைப் பொறுத்து 85,000 முதல் 8,25,000 ரூபாய்வரை. கொலை என்றால் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. தீர்ப்புக்கு முன்பே முழுத் தொகையும் வந்துவிடுகிறது. படிப்படியாகத் தவணை கட்டியிருக்கும் இந்த முறை மற்றச் சட்டங்களுக்கும் வந்தால் நன்றாயிருக்கும்.

• மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி: 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. வண்டி எது என்று தெரிந்தால் வழி வேறு, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும்.

• செக் மோசடி: வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம்வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லும் வசதி 2018-ல் சேர்ந்தது.

பணம் வாங்கினால் வழக்கு பலவீனமாகுமா?

ஆகாது. இந்தப் பயத்தால் விண்ணப்பிக்காமலே விடுபவர்கள் உண்டு. எதிர்த்தரப்பு வக்கீலும் குறுக்கு விசாரணையில் ‘காசுக்காகத்தானே புகார்’ என்று கேட்கத்தான் செய்வார். ஆனால் அரசின் திட்டத்தில் வாங்குவது சட்டம் தந்த உரிமை, சமரசம் அல்ல. எதிரியின் ஆட்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து ‘இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு சாட்சியை மாற்றிச் சொல்’ என்பது முற்றிலும் வேறு கதை, அதைத்தான் தொடக்கூடாது.

மறுபக்கமும் உண்டு. இழப்பீடு கட்டிவிட்டேன், தண்டனையைக் குறையுங்கள் என்று குற்றவாளிகள் கேட்பது வழக்கம். இழப்பீடு என்பது தண்டனையோடு கூடுதலாகத் தருவது, தண்டனைக்குப் பதிலாக அல்ல என்று ஹரி சிங் வழக்கு தொடங்கி உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது. இல்லையென்றால் வசதி உள்ளவனுக்குக் குற்றம் என்பது விலை கொடுத்து வாங்கும் சாமான் ஆகிவிடும்.

சிவில் கோர்ட்டில் தனியாக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமையும் போகாது. ஏற்கெனவே கிடைத்த இழப்பீட்டை அந்த நீதிமன்றம் கழித்துக்கொள்ளும், அவ்வளவே.

தொகை குறைவு, அல்லது ஒன்றுமே எழுதவில்லை என்றால்

தீர்ப்பில் இழப்பீடு போதவில்லை என்றால் பாதிக்கப்பட்டவரே அப்பீல் போகலாம். பழைய சட்டத்தில் 372, புதியதில் 413. விடுதலையை எதிர்த்தும், குறைவான பிரிவில் தண்டித்ததை எதிர்த்தும் அப்பீல் போகலாம் என்று சொல்லும் அதே வரியில் ‘போதாத இழப்பீடு’ என்பதும் இருக்கிறது. இதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. அரசு வழக்கறிஞரின் கவனம் தண்டனையோடு முடிந்துவிடுகிறது, பாதிக்கப்பட்டவருக்கு இப்படி ஒரு வாசல் இருப்பதே தெரிவதில்லை. நீதிபதி இழப்பீடு பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்றால், காரணம் எழுதவேண்டும் என்ற 2013 தீர்ப்பே அப்பீலுக்குப் போதுமான ஆதாரம்.

குறைபாடு தீர்ப்பில் இல்லாமல் ஆணைக்குழுவின் முடிவில் இருந்தால் போகும் இடம் வேறு. 2018 திட்டத்தின் கீழ் மாவட்ட ஆணைக்குழு மறுத்த விண்ணப்பத்துக்கு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். அதற்கு உத்தரவின் நகல் கையில் இருக்கவேண்டும் என்பதால், ‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்று வாய்வழியாகச் சொன்னால் கிளம்பி வந்துவிடாமல், எழுத்தில் தேதியோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.